எல்லோரும் மறைத்த மேடு

மேடையில் நான் பேசியதை, குறுக்கே வந்த குரல்களோடு, கூட்டாமல் குறைக்காமல் இங்கே எழுதிவைக்கிறேன்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அலையோடு வாழ்ந்து நரைத்த பெரியோர்களே, வலையில் வந்ததை விலையாக்கி எங்களை வளர்த்த தாய்மார்களே, இடமில்லாமல் வாசலில் நிற்கும் என் தோழிகளே, அனைவருக்கும் பணிவான வணக்கம்!

நடுக்கடலுக்கு அடியில் ஒரு மேடு இருக்கிறது. எந்த நாட்டின் எல்லைக்குள்ளும் வராத மேடு. மீன்கள் முட்டையிட வந்து கூடும் மேடு. அங்கே எவரும் வலை வீசக் கூடாதென்று உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை எழுதியிருக்கின்றன. அதை நம் மீனவர் சங்கம் ஆதரிக்குமா என்று இன்று நீங்கள் கைதூக்கிச் சொல்லப் போகிறீர்கள்.

துறைமுகத்து வயர்லெஸ் அறையில் என் அம்மா வேலை செய்கிறார். பள்ளி விட்டதும் அங்கேதான் ஓடுவேன். உப்புப் பூத்த ஜன்னல், கருவியின் கரகரப்பு, மேஜைக்கடியில் என் வீட்டுப்பாடம். எத்தனை இனிய மாலைகள் அவை! படகுகள் ஒவ்வொன்றாகப் பேசும். "மோட்டார் மக்கர் பண்ணுது, சும்மா மிதக்குறோம்" என்பார் ஒருவர். "இந்தப் பக்கம் வராதீங்கப்பா, வெறும் ஜெல்லி மீனுதான்" என்பார் இன்னொருவர். சிரிக்கிறீர்களா மாமா? உங்கள் குரலைத்தான் சொல்கிறேன்!

என் அப்பா படகோட்டி. "ஒண்ணுமே கிடைக்கல" என்பார். அம்மா என் காதில், "படகு நிறைஞ்சிருக்குடி" என்பார். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ஏன் அந்தப் பொய்? மேட்டைத் தான் ஒருவரே கண்டுபிடித்ததாக அப்பா நம்பினார். நீங்களும் நம்பினீர்கள்! பக்கத்து நாட்டாரும் நம்பினார்கள்! எத்தனையோ துறைமுகங்கள் மறைத்தது ஒரே மேட்டை! இல்லையென்று சொன்ன இடத்தை எப்படிக் காப்பது?

போன பருவத்தில் ஒரு மாலை, "ஒண்ணுமே கிடைக்கல" என்றார் அப்பா. வழக்கம்போலச் சிரித்தோம். மீன் ஏற்ற லாரிக்குச் சொல்லியனுப்பினோம். படகு வந்தது. மீன் அறையின் மூடியைத் திறந்தால், போட்ட ஐஸ் போட்டபடி கிடந்தது. "அதான் சொன்னேனே" என்றார் அப்பா. வந்த லாரியை வெறுமையாகத் திருப்பி அனுப்பினோம்.

கொஞ்சநஞ்சம் மீன் இருப்பதும் அந்த மேட்டில்தான். அதை விட்டால் என் அப்பாவுக்குப் போக வேறு இடமில்லை. அது எனக்குத் தெரியாதா? "நாம போகலன்னா அடுத்தவன் போவான்" என்று நேற்றும் சொன்னார். உண்மைதான்! அதனால்தான் கேட்கிறேன்: ஓர் ஊர் மட்டும் ஒதுங்கினால் போதுமா? ஒரு நாடு மட்டும் உறுதி சொன்னால் போதுமா? எல்லை இல்லாத கடலுக்கு எல்லோரும் சேர்ந்தல்லவா காவல் நிற்க வேண்டும்?

கூட்டத்தின் நடுவிலிருந்து அப்பா எழுந்தார். "எல்லா நாடும் கையெழுத்துப் போடுமா? உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா. யாராவது முதல்ல போடணும்ல?"

அவர் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார். தலைவர் ஆதரிப்பவர்களைக் கைதூக்கச் சொன்னார். அதே நேரம் மண்டபக் காவலாளி, நேரமாகிவிட்டதென்று விளக்குகளை அணைத்துவிட்டார்.

"இருட்டுல எப்படிய்யா எண்ணுறது?" என்றார் தலைவர்.

"என் கை மேலதான் இருக்கு. எண்ணிக்குங்க."

அப்பாவின் குரல்.

"என்னோடதும்!"

"இங்க ரெண்டு, என் பொண்டாட்டியோடது சேர்த்து!"

முகம் தெரியாத அந்தச் சபைக்கு நன்றி சொன்னேன், வணக்கம் சொன்னேன். விளக்கைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தலைவர் குரல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.