ஐம்பத்து மூன்றாவது குதிப்பு

எதையும் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்து வைப்பது என் சுபாவம். நான்கு கட்டுத்துணி போதும் என்றால் என் தட்டில் ஆறு இருக்கும். வான்குதிப்புத் திடலின் முதலுதவி அறையில் பதினெட்டு வருடமாக நர்சாக இருக்கிறேன். மருந்து தீர்ந்துபோய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நாள் ஒன்றுகூட இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சாதனை எண்ணை ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று விசாரணையில் கேட்டீர்கள். அதற்குப் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இங்கேயே முடிந்துவிடும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

தம்பி என்னைவிட எட்டு வயது இளையவன். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. நான் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுப்பதற்காகத்தான் முதன்முதலில் திடலுக்கு வந்தான். விமானத்திலிருந்து ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக உதிர்வதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றான். "ஏங்கா, இத்தனை வருஷமா இங்கதான் இருக்கே, ஒரு வார்த்தை சொல்லலையே" என்றான். மூன்றே வருடத்தில் அந்தத் திடலில் அவனை மிஞ்ச ஆளில்லை என்றாகிவிட்டது.

அவன் முறியடிக்க நினைத்த சாதனை இதுதான்: சூரியன் உதித்து மறைவதற்குள், பத்தாயிரம் அடி உயரத்திலிருந்து, ஒரே ஆள் எத்தனை தடவை குதிக்க முடியும். மேலே ஏற எட்டு நிமிடம், இறங்க மூன்று நிமிடம், அடுத்த பாராசூட்டை மாட்டிக்கொண்டு ஓட இரண்டு நிமிடம். ஐந்து பாராசூட், அவற்றை மடித்துக் கட்ட இரண்டு பேர், ஒரு விமானி. மடிப்பவர்களில் ஒருவர் கிண்டல்காரர். "நர்ஸக்கா, இவன் தரையில இருக்கிற நேரமே ரெண்டு நிமிஷம்தான். வாடகை வீட்டைக் காலி பண்ணிடச் சொல்லுங்க" என்பார்.

கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், பொறுமையும் உண்டு. அச்சான சாதனைப் பட்டியல் பழையது. அதன் பிறகு மாறியதை வான்குதிப்புச் சம்மேளனம் கடிதத்தில்தான் தெரிவிக்கும். அந்தக் கடிதத்தில் ஐம்பத்திரண்டு என்று இருந்தது. தம்பியிடமும் மற்றவர்களிடமும் ஐம்பத்தேழு என்று சொன்னேன்.

அன்று அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உயரம் கொஞ்சம் குறைந்தாலும் கோட்டுக்கு வெளியே இறங்கினாலும் சம்மேளனத்தின் சாட்சிகள் அந்தக் குதிப்பைத் தள்ளிவிடுவார்கள். ஐந்து கூடுதலாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஐம்பத்து மூன்று வந்ததும் அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுவதாக இருந்தேன். அப்போது அவன் முகம் எப்படிப் போகும் என்று எண்ணிப் பார்த்துத் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

ஒன்பது மாதம் பயிற்சி. சனிக்கிழமைதோறும் அவன் வருவான். இருவரும் என் அறையில் உட்கார்ந்து, எப்போது தண்ணீர் குடிப்பது, எத்தனை குதிப்புக்கு ஒருமுறை கையையும் கண்ணையும் சோதிப்பது என்றெல்லாம் எழுதுவோம். கல்யாணமான பிறகு அவன் என்னிடம் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியது அந்த ஒன்பது மாதம்தான். நான் தனியாக இருக்கிறவள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே அறையைக் கழுவித் துடைத்து வைத்துவிடுவேன்.

சாதனை நாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை சொன்னான். "இதோட சரிக்கா. இது முடிஞ்சதும் பாராசூட்டைத் தொடமாட்டேன். அவளுக்கு நாலு மாசம். அவங்க அப்பா ஊர்லயே ஒரு வேலை பார்த்து வெச்சிருக்காங்க. கிளம்பிடுவோம்."

"நல்லதுதானேடா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

சாதனை நாளாகக் குறித்த ஞாயிற்றுக்கிழமை காற்று நன்றாக இருந்தது. முதல் இருபது குதிப்பும் விளையாட்டுப்போல் போயின. இறங்கும் இடத்தில் நான் நிற்பேன். அவன் கால் தரையில் பட்டதும் என்னைப் பார்ப்பான், நான் எண்ணைச் சொல்வேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். அவர்களும் என் வாயைத்தான் பார்த்தார்கள். பதினெட்டு வருடத்தில் அந்தத் திடலில் ஒருவர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஒன்றையும் விடாமல் சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள்.

நாற்பதுக்கு மேல் அவனுக்குக் காது அடைத்துப்போனது. ஏறி இறங்கி ஏறி இறங்கிக் காற்றின் அழுத்தம் அவன் காதை ஒருவழியாக்கிவிட்டது. அதன் பிறகு நான் பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை. இன்னும் எத்தனை என்பதை விரலில் காட்ட ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவை குடை விரியும்போதும் உடம்பைச் சுண்டி இழுக்கும் இல்லையா, கழுத்தைத் திருப்ப முடியாமல் தோளோடு சேர்த்துத் திரும்பினான். ஐம்பதாவது குதிப்புக்குப் பிறகு நடந்த சோதனையில் என் விரல்களை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். இடது கை சரியாக இருந்தது. வலது கையில் பாதிப் பிடிதான். படிவத்தில் 'தகுதி' என்ற கட்டத்தில் குறி போட்டேன். அந்தப் படிவம் உங்கள் முன்னால் இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான்.

ஐம்பத்து மூன்றாவது குதிப்பு முடிந்து இறங்கியவன் இரண்டடி நடந்து முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். சாட்சிகள் இருவரையும் பார்த்தேன். அதுவரை ஒரு குதிப்பைக்கூட அவர்கள் தள்ளவில்லை. கூடுதலாக வைத்த ஐந்துக்கு வேலையே வரவில்லை. அவன் ஜெயித்திருந்தான். அது அந்தத் திடலில் எனக்கு மட்டுமே தெரியும்.

கயிற்றுக்குப் பக்கத்தில் அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இன்னொரு கையில் அவன் மாற்றிக்கொள்ளக் கொண்டுவந்த சட்டை. அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

ஒரு குதிப்பு கழித்து விமானி இன்ஜினை ஓடவிட்டபடியே இறங்கி வந்தார். எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுகிற பெரியவர், அதிகம் பேசாதவர். "நர்ஸம்மா, அவன் கண்ணு சரியில்ல. கதவுகிட்ட நானே பேர் சொல்லிக் கத்த வேண்டியிருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இத்தோட நிறுத்திக்கலாம்" என்றார்.

"நான் அவனோட அக்கா. எனக்குத் தெரியாதா கேப்டன்?" என்றேன்.

அவர் விமானத்துக்குத் திரும்பிப் போனார். அவரைக் குறை சொல்லாதீர்கள். சோதிக்கிற அதிகாரம் எனக்குத்தான் இருந்தது.

ஐம்பத்தைந்தாவது குதிப்பு முடிந்ததும் மறுபடியும் சோதனை. குடித்த தண்ணீரெல்லாம் வாந்தியாக வெளியே வந்தது. இன்றைக்கு என்ன கிழமை என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். சனி என்றான். ஒன்பது மாதமாகச் சனிக்கிழமைகளில்தானே சந்தித்தோம், பழக்கத்தில் வந்த வார்த்தை என்று எடுத்துக்கொண்டேன். வலது கையில் பிடி சுத்தமாக இல்லை. சில்லென்று கிடந்த அந்தக் கையை என் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துவிட்டேன். 'தகுதி' கட்டத்தில் குறி போட்டேன்.

"போதும்கா. முடியலக்கா. வீட்டுக்குப் போலாம்கா" என்றான்.

காது கேட்காததால் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அவன் மனைவி கயிற்றைத் தாண்டி வரப் பார்த்தாள். கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறவர் தடுத்துவிட்டார். நான்தான் கண்ணைக் காட்டினேன். பிறகு தம்பியிடம் மூன்று விரலைக் காட்டினேன். அவன் விரல்களைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், எழுந்து நின்றான். நான் சொன்னால் அவன் கேட்பான். எப்போதும் அப்படித்தான். அடுத்த பாராசூட்டின் மார்புப் பட்டையை அவனால் மாட்ட முடியவில்லை. நானே மாட்டிவிட்டேன்.

ஐம்பத்தாறாவதில் எப்படியோ விரித்து இறங்கிவிட்டான். ஐம்பத்தேழாவது குதிப்பில் அவன் பாராசூட் விரியவில்லை. குடையை விரிக்க இழுக்கிற கைப்பிடி வலப்பக்கம் இருந்தது. தாழ வந்ததும் தானாக விரிகிற மாற்றுக் குடை விரிந்தது. கூட்டம் கைதட்டியது, பிழைத்துவிட்டான் என்று. ஆனால் விரிந்த குடையைத் திருப்புவதற்கு ஒரு ஆள் வேண்டும். தலை தொங்கிக் கிடந்தவனைக் காற்று அதன் போக்கில் கொண்டுபோனது. மேற்கில் விமானக் கொட்டகையின் சுவர்.

நான்தான் முதலில் ஓடினேன். என் பெட்டியில் எல்லாம் இருந்தது. எதுவும் தேவைப்படவில்லை.

இன்னும் இரண்டே இரண்டு குதித்திருந்தால் சாதனை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பத்திரிகையிலும் அப்படித்தான் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண் குழந்தை. "கடைசியில தோத்துட்டோம்னு நெனச்சுக்கிட்டேதான அண்ணி போயிருப்பாரு" என்று கேட்டு அழுதாள். ஆமாம் என்பதுபோல் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

சாட்சிகளின் அறிக்கை சம்மேளனத்துக்கு நேராகப் போயிருந்தது. ஐம்பத்தாறு குதிப்பு ஏற்கப்பட்டது, சான்றிதழ் தருகிறோம், மருத்துவப் படிவங்களை அனுப்புங்கள் என்று எனக்கு மூன்று கடிதம் வந்தது. மூன்றையும் மருந்து அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன். நான்காவது கடிதத்தை அவளுக்கே அனுப்பிவிட்டார்கள்.

போன வாரம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதை எடுத்து வந்தாள்.

"அண்ணி, இதுல பழைய சாதனை ஐம்பத்திரண்டுன்னு போட்டிருக்கே. அவரு ஐம்பத்தேழுன்னுதானே சொன்னாரு?"

"தட்டச்சுல தப்பு வந்திருக்கும்மா" என்றேன்.

"அப்ப சான்றிதழ் தரேங்கறாங்களே?"

"பாவப்பட்டுத் தராங்க."

அவள் நம்பினாள். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்? குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனாள். அது என் விரலைப் பிடித்துக்கொண்டது. நல்ல பிடி. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. மறுநாள் காலையில் நானாகவே உங்கள் விசாரணை அலுவலகத்துக்கு வந்தேன்.

கூடுதலாக ஐந்து வைத்தேன் என்று முதலில் சொன்னேன் இல்லையா, அது அன்றைக்கு உண்மை. ஐம்பத்து மூன்றாவது குதிப்புக்குப் பிறகு அது உண்மையில்லை. யாராலும் எட்ட முடியாத எண்ணாக இருக்கட்டும் என்று நினைத்ததாகவும் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதுவும் இல்லை. அவன் ஜெயித்தது எனக்குத் தெரியும். கை செயலிழந்தது தெரியும். இன்னொரு தடவை மேலே போனால் என்ன ஆகும் என்பது, இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்தவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

முடிந்தது என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அந்தச் சட்டையை மாற்றிக்கொண்டு, அவளோடு ஊருக்குப் போயிருப்பான். அவன் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் விரலைக் காட்டினேன்.