காய்ச்சின தண்ணி

இல்ல சிஸ்டர், இவங்களுக்கு முதல்ல போட்டு அனுப்புங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. கடைசி ஆளாவே போட்டுக்கறேன்.

பயமா? எனக்கா? நல்லா கேட்டீங்க போங்க. ஊசி, கத்தி, கத்திரின்னு அதுங்களோடவே குடித்தனம் பண்றவ நான். காமாலைத் தடுப்பூசி இது மூணாவது இல்ல? முதல் ரெண்டும் உங்க கையாலதான். ஏன்டி கைய இப்படி இறுக்கிக்கிறேன்னு வைஞ்சீங்களே, மறந்துட்டீங்களா?

ஆமா, ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் படிப்புதான். இதுவரைக்கும் கழுவறது, அடுக்கறது, பொம்மைய வச்சுப் பழகறது, அவ்வளவுதான். இந்த ஊசியும் போட்டு, அப்புறம் ரத்தம் எடுத்துப் பாத்து எல்லாம் சரியா இருந்தாத்தான் ஆபரேஷன் மேசைகிட்ட நிக்க விடுவாங்களாம். எங்க பெரிய டாக்டர் இருக்காரே, அந்தச் சிடுமூஞ்சி, பொம்மையில சொல்லித் தர்றப்ப திரும்பிக்கூடப் பாக்காம கைய மட்டும் நீட்டுவாரு. அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள நான் சாமான அவரு கையில வச்சிருப்பேன். போன வாரம் என்ன சொன்னாரு தெரியுமா? இந்தப் பொண்ண என் மேசைக்குப் போடுங்கன்னாரு. அந்த மனுஷன் ஒருத்தரப் பாராட்டி யாருமே கேட்டதில்ல. நான் நேரா பாத்ரூமுக்குப் போய் அழுதேன். கூடப் படிக்கறவளுங்க சந்தோஷத்துல அழறேன்னு நினைச்சுக்கிட்டாளுங்க.

ரூம்ல எனக்கு என்ன பேரு தெரியுமா சிஸ்டர்? பிசினாறி. ஒரு நகவெட்டி தர மாட்டேங்கறேனாம். துணி கேட்டா தூக்கிக் குடுத்துடுவேன், செருப்பு கேட்டாலும் குடுத்துடுவேன். நகவெட்டிய மட்டும் பெட்டியில வச்சுப் பூட்டிட்டு சாவியையும் கூடவே வச்சுக்குவேன். நீங்களும் சிரிக்கிறீங்க பாருங்க.

இருங்க, அம்மா போன் பண்றாங்க. அடிக்கட்டும், அப்புறம் பேசிக்கறேன். கேக்கப் போறது ஒரே கேள்விதான், தண்ணி காய்ச்சிக் குடிச்சியா. முன்ன ஒரு தடவை எனக்கு உடம்புல ஒரு கோளாறுன்னு சொன்னாங்க. கண்ட இடத்துல தண்ணி குடிச்சதுதான் காரணம்னு அம்மா முடிவே பண்ணிட்டாங்க. ஹாஸ்டல் சமையக்காரர அவங்க திட்டற திட்டுல அவருக்கு தினமும் விக்கல் எடுத்திருக்கும், பாவம்.

வாசல்ல நின்னாங்களே ஒரு அக்கா, ஏன் திரும்பிப் போறாங்க? மருந்து தீந்துடுச்சா? எனக்கு எடுத்து வச்சீங்களே, அதுதான் கடைசியா? அடுத்த மாசம்னா எப்படி சிஸ்டர்? அவங்க எங்க தியேட்டர் குப்பை அள்ளறவங்க. அன்னிக்குக்கூட ஒரு ஊசி பையக் கிழிச்சிட்டு நீட்டிக்கிட்டிருந்துச்சு, அவங்க பாட்டுக்கு இடுப்புல அணைச்சுத் தூக்கிட்டுப் போறாங்க.

வேணாம் சிஸ்டர், பஞ்சக் கீழ வைங்க. அந்த அக்காவக் கூப்பிட்டு இதப் போட்டு விடுங்க. எனக்கு அடுத்த மாசமா? அப்பவும் வேணாம். வராம இருக்கத்தானே இந்த ஊசி? எனக்குத்தான் ஏற்கனவே வந்தாச்சே.

என்ன அப்படிப் பாக்கறீங்க. முதல் ரெண்டும் வீணாத்தான் போச்சு. வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பீங்க, அதான் போட்டுக்கிட்டேன். ரத்தம் எடுக்கறப்பத் தெரிஞ்சிடும்தான், அதுவரைக்குமாவதுன்னு இன்னிக்கும் வாய மூடிக்கிட்டு கைய நீட்டியிருப்பேன், அந்த அக்கா மட்டும் வந்து நிக்கலேன்னா. இல்ல, இப்ப மாத்திரை வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஆனா கிருமி போகாதாம். கடைசி வரைக்கும் கூடவே இருக்குமாம்.

எழுதிக்கோங்க சிஸ்டர். நீங்க மேல சொல்லித்தானே ஆகணும், உங்க மேல தப்பில்ல. இந்தக் கிருமி இருக்கறவங்கள தியேட்டருக்குள்ள விடக் கூடாதுங்கற இங்கத்து விதி எனக்குத் தெரியாதா? கீழ டோக்கன் குடுக்கறாங்களே ஒரு அக்கா, அவங்களும் என் படிப்புதான், எனக்கு சீனியர். ஏன் டோக்கன் குடுக்கறாங்கன்னு யாரும் கேக்கறதில்ல, எல்லாருக்கும் தெரியும். அவங்க பக்கத்துல எனக்கும் ஒரு நாற்காலி போடுவாங்க. பெரிய டாக்டர் கைய நீட்டுவாரு, வேற யாராவது குடுப்பாங்க. வேற ஒரு வழியும் இல்ல சிஸ்டர், நானும் யோசிச்சுப் பாத்துட்டேன்.

மறுபடியும் அம்மாதான். எடுக்கலேன்னா விட மாட்டாங்க. ரத்ததானம் குடுக்கப் போன இடத்துலதான் எனக்கு இது இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. காமாலைக் கிருமின்னதும் அம்மா தண்ணி மேல பழியப் போட்டாங்க, நானும் அப்படித்தான் நம்பினேன். அப்புறம் இங்க வகுப்புல டீச்சர் போர்டுல எழுதினாங்க, தண்ணியில வர்றது வேற காமாலை, இது ரத்தத்தால பரவும், பிரசவத்துல தாய்கிட்டேர்ந்து குழந்தைக்கும் வரும்னு. நானும் நோட்டுல அழகா எழுதிக்கிட்டேன். லீவுல வீட்டுக்குப் போனப்ப, சர்க்கரை இருக்கான்னு பாக்கலாம் வாங்கன்னு சொல்லி அம்மாவுக்கும் ரத்தம் எடுத்துப் பாத்தேன். அதே கிருமி அவங்களுக்கும் இருக்கு சிஸ்டர். சர்க்கரை இல்லம்மான்னு மட்டும் சொன்னேன். அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். தெரியும், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். போகணும். ஆனா ஏன்னு கேட்டா என்ன சொல்லுவேன்?

ஒரு நிமிஷம் சிஸ்டர்.

ஹலோ, அம்மா. ம். இல்லம்மா, வேலையா இருந்தேன். குடிச்சேம்மா. ஆமா, காய்ச்சித்தான்.