ஒரு கட்டமும் காலியில்லை

என் கையெழுத்து அழகாக இருக்கும். பிரசவ வார்டில் எனக்குக் 'கட்டம்மா' என்றே பெயர். நான் எழுதும் அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. விசாரணைக்கு வந்த நீங்களே அதைப் புரட்டும்போது தலையசைத்தீர்கள், ஐயா. கவனித்தேன்.

முப்பத்திரண்டு கட்டிலுக்கு நர்ஸ் இரண்டே பேர். ஒவ்வொருத்தியும் எவ்வளவு சிறுநீர் கழித்தாள் என்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து எழுத வேண்டும். அளக்கிற ஜாடி அடியில் விரிசல் விட்டு மூன்று மாதமாகிறது. இருபத்திரண்டு வருட அனுபவம் வேறு எதற்கு இருக்கிறது? முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன், இவளுக்கு இருநூறு, அவளுக்கு முந்நூறு என்று. இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

பதினேழாம் கட்டில்காரிக்கு சிசேரியன். இரண்டாம் நாள் சிறுநீர்க் குழாயை எடுத்தோம். மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணுக்கு சொட்டு சொட்டாத்தான் வருது. வயிறு வேற கல்லு மாதிரி இருக்கு."

"பெத்த வயிறு ஒரே நாள்ல வத்திடுமா? எந்திரிச்சு நட, எல்லாம் சரியாப் போயிடும்."

அன்பாகத்தான் சொன்னேன். அதற்குள் அவள் கட்டத்தில் முந்நூறு எழுதியாயிற்று. அடித்துத் திருத்தினால் பக்கமே அசிங்கமாகிவிடும்.

நாலாம் நாள் வயிறு உப்பியது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் கெட்டுப்போனதுபோல் வந்தது. சின்ன டாக்டர் அட்டவணையை வைத்துக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டார்.

"சிறுநீர்ப்பையில ஓட்டை விழுந்திருக்குமோன்னு நெனச்சேன். ஆனா யூரின் நல்லாத்தானே போகுது. இது அளந்து எழுதினதுதானே, சிஸ்டர்?"

எனக்குச் சுருக்கென்றது. "என் சார்ட்ல எப்பவாவது தப்பு பாத்திருக்கீங்களா, சார்?"

பாவம், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சிறுநீரகத்துக்கு மருந்து எழுதிவிட்டுப் போனார்.

அந்த நிமிஷமே எனக்குத் தெரியும், ஐயா. மறைக்க மாட்டேன். சொட்டுச் சொட்டாகப் போகிறவளுக்கு வயிறு ஏன் உப்புகிறது என்று புரிய டாக்டர் பட்டம் வேண்டாம். ஆனால் அதுவரை எழுதியதெல்லாம் என்னாவது? அடுத்த கட்டத்திலும் முந்நூறு போட்டேன்.

ஏழாம் நாள் காலை பெரிய டாக்டர் வந்தார். அட்டவணையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு அலட்சியம். வயிற்றில் ஊசி போட்டு நீரை உறிஞ்சி லேபுக்கு அனுப்பினார். சிறுநீர் என்றே வந்தது. சிசேரியனில் பட்ட சின்னக் காயம் நாள்பட ஓட்டையாகி, எல்லாம் உள்ளேயே தேங்கிச் சீழ் பிடித்திருந்தது. தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். மதியம் இரண்டு மணிக்கு அவள் போய்விட்டாள். புருஷன் குழந்தையோடு வராந்தாவில் நின்றான். நான்தான் வாங்கிப் புட்டிப்பால் கொடுத்தேன். எனக்கும் மனசு இருக்கிறது.

நீங்கள் சிவப்பு மையில் சுழித்து வைத்திருப்பது அன்றைய மாலை ஆறு மணிக் கட்டம். வேலை அதிகமாக இருந்ததால் காலையிலேயே அன்றைக்கு முழுவதும் நிரப்பிவிட்டேன். செத்துப் போனவள் எப்படி ஆறு மணிக்கு முந்நூறு மில்லி போனாள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. அந்த ஒரு கட்டம் தப்புதான்.