பாஸ்டர் சொல்லாத ஒரு வரி

அந்த எடத்துல நான் ஒரு வரி சேத்து சொன்னேன் பாருங்கக்கா, அங்கதான் எல்லாம் நாசமாப் போச்சு. பாஸ்டர் அத சொல்லவே இல்ல. அவர் வாயிலேர்ந்து வரவே இல்ல. நானா சேத்தேன். நல்லா கணீர்னு, அவரே சொன்ன மாதிரி, கைய வேற ஆட்டி.

ஐயோ, இல்லக்கா, நான் திருடன் எல்லாம் இல்ல. கண்ணாடிய தட்டுனது நல்லதுதான், கோவமெல்லாம் இல்ல. ஒருத்தன் அரை மணி நேரமா பழைய காடிய நிறுத்திட்டு அன்னம்மா ஆண்ட்டி வீட்டையே மொறைச்சு பாத்துட்டு இருந்தா யாரா இருந்தாலும் வந்து கேப்பாங்க. நீங்க யாரு தம்பின்னு கேட்டீங்க, நான் நேரா பாவ அறிக்கையில எறங்கிட்டேன். மன்னிச்சிருங்க. என் பேரு பாஸ்கரன். மலேசியா, கிள்ளான். இங்க வந்து அஞ்சு வருஷம் ஆச்சு, நியூ லின்ல எலக்ட்ரிக் சாமான் கடையில வேலை. ஆண்ட்டியோட சர்ச்சுதான் நானும்.

நீங்க பக்கத்து வீடா? அந்த செல்வநாயகி அக்காவா! அட, ஆண்ட்டி உங்கள பத்தி நெறைய சொல்லிருக்காங்கக்கா. ஆமாங்கிறதுக்கு ஓம் ஓம்னு நீங்க சொல்றத அப்படியே சொல்லிக் காட்டுவாங்க. கிண்டல் இல்லக்கா, பாசம்தான். கையில என்ன, இடியப்பமா? அவங்களுக்கா?

நேத்து குடுத்ததும் அப்படியே இருந்துச்சா. முந்தா நாளும்.

அது நான்தான்க்கா. நான்தான் காரணம். சும்மா சொல்லல. இருங்க, முழுசா சொல்றேன், காடியில ஏறி உக்காருங்களேன், மழை தூறுது. பின்னாடி சீட்டுல கடை பேட்டரி கெடக்கு, கொஞ்சம் தள்ளிக்குங்க.

நாங்க ஒரு முப்பது பேர்க்கா. மலேசியா, சிங்கப்பூர், ரெண்டு மூணு குடும்பம் இந்தியா. இந்த கிளென் ஈடன்லயே ஒரு வெள்ளக்கார சர்ச்சு இருக்கு, அவங்க ஹால எங்களுக்கு ஞாயித்துக்கெழமை மத்தியானம் விடுறாங்க. மாசத்துக்கு ரெண்டு தடவ அவங்க பாஸ்டரே வந்து பிரசங்கம் பண்ணுவார், பாஸ்டர் நீல். ரொம்ப நல்ல மனுஷன். அவர் இங்கிலீஷ்ல சொல்லச் சொல்ல நான் பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்லுவேன். அவர் ஒரு வரி, நான் ஒரு வரி. அவர் மூச்சு விடுற நேரம்தான் எனக்கு. அவர் கைய தூக்குனா நானும் தூக்குவேன். அவர் அழுதா நானும் கொஞ்சம் தொண்டைய கரகரன்னு ஆக்கிக்குவேன்.

சிரிக்காதீங்கக்கா, அது ஒரு தொழில் மாதிரி! எனக்கு அது பயங்கரமா வரும். அவர் ரக்பி கத சொல்லுவார், நம்ம ஆண்ட்டிங்களுக்கு ரக்பின்னா என்னான்னு தெரியுமா? நான் பட்டுனு அத கபடியா மாத்திருவேன். ஆட்டுப்பண்ணை கத சொன்னா ரப்பர் தோட்டம். எல்லாரும் சரியான எடத்துல சிரிப்பாங்க, அவர் தன் ஜோக்குக்குத்தான் சிரிக்கிறாங்கன்னு நெனச்சு குஷி ஆயிருவார். யாருக்கு நஷ்டம், சொல்லுங்க? அப்படித்தான் பழகிருச்சு. அவர் சொல்றத நான் கொஞ்சம் மாத்தலாம்னு. கொஞ்சம் சேக்கலாம்னு.

ஆண்ட்டிக்கு நான்னா உயிரு. பாஸ்டர் சொன்னா காதுல விழுது தம்பி, நீ சொன்னா நெஞ்சுல விழுதும்பாங்க.

சரி, ஆண்ட்டி வீட்டுக்காரர் நல்லசாமி அங்கிள் விஷயத்துக்கு வரேன். அவர நீங்க பாத்திருக்கீங்கல்ல? ஆமா, தொப்பி போட்டுட்டு வெளிய நடப்பாரே, அவரேதான். தோட்டத்துல தக்காளி போடுவார். ஒரு காலத்துல ஈப்போ சர்ச்சுல மூப்பரா இருந்தவருக்கா அவர். அப்புறம் மகன் மோட்டர்சைக்கிள்ல போயி லாரியில அடிபட்டு செத்துட்டான், இருபத்திநாலு வயசு. அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கி வேதத்த எடுத்து அலமாரியில வச்சவரு, அப்புறம் தொடவே இல்ல. மேல யாரும் இல்ல அன்னம்மா, நான் பாத்துட்டேன், காலியா இருக்குன்னாராம். ஏழு வருஷம். மக ஷாமளா ஸ்பான்சர் பண்ணி இங்க கூப்பிட்டுக்கிட்டாங்க, இங்க வந்தும் அதேதான். ஞாயித்துக்கெழமை ஆண்ட்டிய காடியில கொண்டுவந்து எறக்கிவிட்டுட்டு, ஹாலுக்கு வெளிய உக்காந்து பேப்பர் படிப்பார். நான் ஹலோ அங்கிள்னா, என்னாடா பாஸ்கரா, இன்னைக்கி கபடியா ரப்பரான்னு கேப்பார். அவருக்கு இங்கிலீஷ் நல்லா தெரியும், ரயில்வேல கிளார்க்கா இருந்தவரு. ஜன்னல் வழியா ரெண்டையும் கேட்டுட்டு இருப்பார் போல.

போன மாசம் டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க. வீட்டுலயே வச்சு பாத்துக்கிட்டாங்க. ஆண்ட்டி பாஸ்டர கூட்டிட்டு வரச் சொன்னாங்க, நான் கூட்டிட்டு வந்தேன். அங்கிள் ஊசி போட்ட மயக்கத்துல கண்ண மூடிட்டு படுத்திருந்தார். ஆண்ட்டி பாஸ்டர் கைய புடிச்சிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. இவர் ஒரு காலத்துல அவ்வளவு நம்புனாரே ஐயா, இப்ப நம்பல, இப்படியே போயிட்டா எங்க போவார்?

இது எங்காளுங்களுக்குள்ள பெரிய சண்டைக்கா. உங்களுக்கு எப்படி சொல்றது... ஒருத்தன் ஒரு தடவ நம்பி ரட்சிக்கப்பட்டுட்டான்னா, பரலோகம் அவனுக்கு உறுதின்னு ஆயிட்டா, அது அப்புறம் போகுமா போகாதா? பாவம் பண்ணா, நம்பிக்கைய விட்டுட்டா, போயிருமா? ரெண்டு பக்கத்துக்கும் வசனம் இருக்கு. புடிச்ச கைய விடமாட்டார்னும் இருக்கு, விழுந்துறாதேன்னு எச்சரிக்கையும் இருக்கு. நான் இந்த எச்சரிக்கை கட்சி. வெறித்தனமா! அதப் பத்தி கேசட்டா வாங்கி கேப்பேன், காடியில, கடையில, பல்லு வெளக்கும்போது. பாஸ்டரோடயே வாதாடிருக்கேன்.

பாஸ்டர் அன்னைக்கி ரொம்ப மெதுவா சொன்னார். அம்மா, உங்க வீட்டுக்காரர் கடவுள புடிச்சிருந்த கைய விட்டுட்டார், வலி தாங்காம விட்டுட்டார். ஆனா கடவுள் அவர புடிச்சிருக்கிற கைய விடல. அவருக்காக அழுங்க, பயப்படாதீங்க. இவ்வளவுதான். இவ்வளவேதான்க்கா.

நான் அத தமிழ்ல சொன்னேன். முழுசா சொன்னேன், அதுல கொற இல்ல. சொல்லிட்டு நிறுத்தல. ஆனா ஆண்ட்டி, அப்படின்னேன். ஆனா இது நம்ம பிஆர் மாதிரி, இங்கயே தங்கிக்கலாம்னு குடுக்குறாங்களே, அது மாதிரி. பாஸ்போர்ட்ல குத்தி குடுத்துட்டாங்க, சரி. நாட்ட விட்டு வெளிய போனவங்க குறிச்ச தேதிக்குள்ள திரும்பி வரணும். தேதி தாண்டிருச்சுன்னா விசா செத்துரும், ஏர்போர்ட்லயே நிறுத்திருவாங்க. அங்கிள் வெளிய போயி ஏழு வருஷம் ஆச்சு. அவர் வாயால இப்பவே நம்புறேன்னு சொல்லியாகணும், அப்படின்னேன்.

பாஸ்டர் பக்கத்துல நின்னு தலையாட்டுறார்! அவருக்கு என்னா தெரியும், நான் ஏதோ விளக்குறேன்னு நெனச்சிட்டார்.

இல்லக்கா, அப்ப நான் கெட்ட எண்ணத்துல சொல்லலன்னுதான் நெனச்சேன். மனுஷன் சாவுற நேரத்துல கண்ண தொறந்து ஒரு வார்த்த சொல்லட்டுமேன்னு.

அதுக்கப்புறம் அவர் நாலு நாள் இருந்தார். அந்த நாலு நாளும் ஆண்ட்டி அவர் காதுலயே கெடந்தாங்களாம். சொல்லுங்க, நம்புறேன்னு சொல்லுங்க, எனக்காகவாவது சொல்லுங்கன்னு. ஷாமளாதான் எங்கிட்ட சொன்னாங்க. அவர் பொய் சொல்ல மாட்டார்க்கா, அதான் அவர்ட்ட இருந்த ஒரே பிரச்சன. அவர் ஆண்ட்டி கைய புடிச்சிக்கணும்னு கைய நீட்டுவாராம், இவங்க கைய குடுக்காம முதல்ல சொல்லுங்கம்பாங்களாம். நாப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்துனவங்க. கடைசியில அவர் செவுத்து பக்கம் திரும்பி படுத்துக்கிட்டார். அப்படியே போயிட்டார்.

தண்ணி இருந்தா குடுங்கக்கா. இல்லையா, பரவால்ல.

அடக்கத்துல ஆண்ட்டி பாடல. அதுக்கப்புறம் சர்ச்சுக்கும் வரல. போன ஞாயிறு ஷாமளா கட்டாயப்படுத்தி கூட்டிட்டு வந்தாங்க. திருவிருந்துல அப்பமும் திராட்ச ரசமும் குடுத்தப்ப ஆண்ட்டி தட்ட தொடாம பக்கத்து ஆளுக்கு தள்ளிட்டாங்க. முடிஞ்சதும் நான் ஓடிப் போயி ஏன் ஆண்ட்டின்னு கேட்டேன். என்னா சொன்னாங்க தெரியுமா? அவர் இல்லாத பரலோகத்துக்கு நான் எதுக்கு தம்பி போகணும்? ஜெபம் பண்றத நிறுத்திட்டேன், வேதம் படிக்கிறத நிறுத்திட்டேன், என் விசாவும் முடியட்டும். எத்தன நாளாகும் தம்பி முடியுறதுக்கு? சிரிச்சிட்டே கேட்டாங்கக்கா. ஏதோ கவுண்டர்ல நின்னு ஆபீசர்ட்ட கேக்குற மாதிரி. எங்கிட்ட.

நீங்க சொல்லிருங்களேன் அக்கா? நீங்கதான் தெனமும் போறீங்க. பாஸ்டர் அப்படி சொல்லலையாம், அந்தப் பையன் சேத்துட்டானாம்னு ஒரு வார்த்த... ஆமா. ஆமா, சரிதான். என் வாயி பண்ணது, என் வாயிதான் சொல்லணும். தெரியும். சும்மா கேட்டுப் பாத்தேன்.

சொல்லத்தான் வந்தேன்க்கா. பாஸ்டர் சொன்னத சேக்காம கொறைக்காம சொல்ல ஒரு நிமிஷம் கூட ஆகாது. மூணு தடவ கதவு வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். திட்டு விழும்னு இல்ல. அறைஞ்சாலும் வாங்கிக்குவேன். ஆனா ஆண்ட்டிய எனக்கு தெரியும். எல்லாத்தையும் கேட்டுட்டு, கண்ண தொடச்சிட்டு, என் மூஞ்சிய பாத்து கேப்பாங்க. தம்பி, நீ அத நம்புறியா? பாஸ்டர விடு, நீ நம்புறியா? அவங்களுக்கு நெஞ்சுல விழணும்னா நான் சொல்லணும், அதான் வழக்கம்.

அதுக்கு என்னா சொல்றதுக்கா? நான் நம்புறத விட்டு ரெண்டு வருஷம் ஆச்சே.

ம். எதையுமே. பெருசா ஒண்ணும் நடக்கல, மகன் சாகல, வியாதி வரல. ஒரு செவ்வாக்கெழம வேல முடிஞ்சு ரயில் ஸ்டேஷன்ல நின்னுட்டு ஜெபம் பண்ணப் பாத்தேன், அந்தப் பக்கம் யாரும் இல்லாத மாதிரி இருந்துச்சு. அடுத்த ஞாயிறு பிரசங்கம் இருந்துச்சு, என்ன விட்டா ஆள் இல்ல, போயி நின்னேன். நல்லா பண்ணேன். எல்லாரும் அழுதாங்க. அப்படியே ஓடிருச்சு. கேசட் எல்லாம் வாங்க ஆரம்பிச்சதே அதுக்கப்புறந்தான், பயமாவது வரட்டும்னு.

அங்கிள் ஏழு வருஷமும் வெளிப்படையா சொல்லிட்டு வெளிய உக்காந்திருந்தார். நான் உள்ள நின்னு கைய தூக்கிட்டு இருந்தேன். பாஸ்டர் அன்னைக்கி அந்த மனுஷனப் பத்தி கடவுள் அவர விடலன்னப்ப, எனக்கு பொறுக்கலக்கா. அது நெசம்னா நான் இவ்வளவு நாள் நடிச்சிருக்க வேணாமே. நானும் வெளிய போயி அவர் பக்கத்துல உக்காந்திருக்கலாமே. அதுக்குத்தான் சேத்தேன் அந்த வரிய. அங்கிளுக்காக இல்ல.

தோ, கதவ தொறந்துட்டாங்க. நம்மளத்தான் பாக்குறாங்க. எப்படி எளச்சிட்டாங்க பாருங்க. வரேன் ஆண்ட்டி, இதோ வரேன்!

அக்கா, எறங்குறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. நீங்க வெள்ளிக்கெழம விளக்கேத்தி சாமி கும்புடுவீங்கல்ல. உள்ள ஒண்ணுமே இல்லாம, வீட்டுல எல்லாரும் பாக்குறாங்களேன்னு மட்டும் கண்ண மூடி நின்னிருக்கீங்களா? ஒரு தடவயாவது? உங்களுக்கும் அப்படி ஆயிருக்காக்கா?