இன்னொரு முடிச்சு

உங்கள் போலீஸ் ஸ்டேசன் தேத்தண்ணியில் சீனி அதிகம், சார். பரவாயில்லை. சர்மிளாவின் கருமாதியிலும் இப்படித்தான் கொடுத்தார்கள்.

அன்று லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து எல்லோரும் நடந்ததைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். குளவி கொட்டிச் செத்தவளை எழுப்ப ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். "காய்ச்சல்னு படுத்திருந்தா. நான் மட்டும் எழுப்பாம இருந்திருந்தா..." இது அவள் புருசன் சோலைமலை. "நான் மட்டும் அவகூட நிரை மாத்தாம இருந்திருந்தா..." இது தனுஷிகா, கூடத் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள்.

"அப்ப நீ செத்திருப்ப," என்றேன்.

அழுகையை நிறுத்திவிட்டு முறைத்தாள். கையில் இல்லாத சாவியால் இல்லாத கதவைத் திறக்கிற கூட்டம் இது.

நான் கெம்பசில் இரண்டு வருடம் படித்துவிட்டுப் பாதியில் வந்தவன். இப்போது ஃபேக்டரியில் நைட் ஷிப்ட், கொழுந்து வாட்டுகிற வேலை. அவள் செத்த அன்று காலை வேலை முடிந்து பெரட்டுக்களம் வழியாகத்தான் வீட்டுக்குப் போனேன். ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொண்டிருந்த ஆண்டியப்பன் கங்காணி என்னைப் பார்த்துவிட்டார்.

"வாங்க கஜேந்திரன் தொரை! ஐயாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா. ராத்திரியெல்லாம் கொழுந்துக்குப் பாடம் நடத்திட்டு வாறாரு."

களமே சிரித்தது. சர்மிளாவும் சிரித்தாள். அது முக்கியமில்லை.

எங்கள் தோட்டத்தில் குளவிக்கூடு கண்ட மரத்தில் சிவப்புச் சீலைத்துண்டு கட்டுவார்கள். அதற்கடியில் யாரும் கொழுந்து எடுக்க இறங்கமாட்டார்கள். முந்தின நாள் சாயந்தரம் ஏழாம் நம்பர் மலையில் ஒரு சவுக்கு மரத்தில் கட்டியவர் ஆண்டியப்பன்தான். மறுநாள் அவருக்கு வேறு மலை. பதிலுக்குப் போகிற கங்காணியிடம், "சவுக்குல செவப்புத்துண்டு இருக்கும், பாத்துக்கப்பா," என்று என் காதுபடத்தான் சொன்னார். ஏழாம் நம்பர் மலையில் சவுக்கு நாற்பது நிற்கிறது.

ஆட்கள் வருமுன் போய் அந்தத் துண்டை அவிழ்த்தேன். நாலைந்து பேருக்குக் கொட்டும், கட்ட மறந்தார் என்று கங்காணி தோட்டத்துத் துரை முன்னால் கைகட்டி நிற்பார். அவ்வளவுதான் என் திட்டம். நியாயமான திட்டம்.

கருமாதியில் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, நீ படிச்சவன். காத்துல அவுந்திருக்குமா?"

"இன்னொரு முடிச்சு போட்டிருந்தா அவுந்திருக்காது கங்காணி."

அன்றிலிருந்து மனிதர் சாப்பிடுவதில்லை. வேட்டி நுனியில் முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்க்கிறார். நேற்று இங்கே வந்து, "நான்தான் கொன்னேன்" என்று அவர் எழுதிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் வந்தேன். இரக்கம் என்று நினைக்காதீர்கள். தப்பான விடைக்கு முழு மார்க் போடுவதை என்னால் பார்க்க முடியாது.

இதோ அந்தத் துண்டு. மூன்று முடிச்சு போட்டிருந்தார். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன்.

பிறகு மேட்டில் நின்று பார்த்தேன். சர்மிளா கூடையோடு நேராக அந்த மரத்தடிக்குத்தான் போனாள். கூப்பிடு தூரம். அது எந்த மரம் என்று அந்த மலையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பேசாமல் நின்றேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அவிழ்த்தது நான். பார்த்துக்கொண்டு நின்றதும் நான். இதையும் சேர்த்து எழுதுங்கள், சார்: காலையில் அவள் மட்டும் சிரிக்காமல் இருந்திருந்தால், நான் கூப்பிட்டிருப்பேன்.