காவலை அணைக்காத கலா மேடத்துக்கு

கணினிப் பிரிவைக் கட்டியாண்ட கண்டிப்பின் கடலே! மங்களூரு மழைக்கும் மசியாத, மருத்துவர் மிரட்டலுக்கும் மருளாத மாதரசியே! சந்திரகலா காமத் அம்மையாரே, எங்கள் கலா மேடமே, வருக! பணி ஓய்வு பெறும் இன்று ஒருநாளாவது எங்களை வையாமல் அமர்ந்து கேட்டருள்க!

மருந்துச் சீட்டு முதல் மூளைப் படம் வரை இம்மருத்துவமனையின் ஒவ்வோர் எழுத்தையும் முப்பதாண்டுக்கும் மேலாகக் காத்தவர் தாங்கள். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதித் திரையோரம் ஒட்டியவர்கள், தங்கள் காலடி ஓசை கேட்டதும் அதைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்ட வரலாற்றை இந்த அவை அறியும். அவற்றையெல்லாம் சொல்லப் புகுந்தால் விருந்து ஆறிவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

சென்ற ஆடி மழையில், நம் கேன்டீன் வாசு பூஜாரி அண்ணனின் நுரையீரலில் ஒரு கட்டி தெரிந்தது. அறுவை அறைக்கு அழைத்துச் செல்லும் வேளையில்தான், எட்டாண்டுக்கு முன் காய்ச்சலில் படுத்தபோது ஒரு ஸ்கேன் எடுத்தது அவருக்கே நினைவுக்கு வந்தது. அதிலும் அந்தக் கட்டி அதே அளவில் இருந்தால் அது வளராத, ஆபத்தில்லாத கட்டி; மார்பைத் திறக்க வேண்டியதில்லை. படமோ ஸ்கேன் அறையின் பழைய சேமிப்புப் பெட்டிக்குள் இருந்தது. முந்தின நாள் எல்லாக் கணினிகளிலும் ஏற்றிய புதிய பாதுகாப்பு மென்பொருள், அந்தப் பெட்டியை நெருங்கவே விடவில்லை.

அறுவை மருத்துவர் ரோஷன் பின்டோ பாய்ந்து வந்தார். “மேடம், வாசுவை மேசையில படுக்க வெச்சாச்சு. மயக்க ஊசியோட நிக்கறாங்க. அந்தச் சனியனை ரெண்டு நிமிஷம் அணைச்சுத் தொலைங்க!”

ஸ்கேன் அறை ஹில்டாவும் சேர்ந்துகொண்டார். “நம்ம வாசண்ணன் மேடம்! தினமும் அவர் கையால வாழைப்பழ பன்ஸ் சாப்பிடறீங்களே, மனசு என்ன கல்லா?”

தாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வாசு நம்ம ஆளுதான். ஐசியூவில மூச்சு மெஷின்ல கிடக்கறவங்க மட்டும் யாராம்? எல்லாரும் ஒரே ஒயர்லதான் தொங்கறோம். இதை அணைச்சா வைரஸ் அவங்க மெஷினுக்கும் போகும். அணைக்க மாட்டேன். நகருங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க.”

பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தீர்கள். கேபிளை மாற்றிப் பார்த்தீர்கள். மென்பொருளின் தடைப் பதிவைத் திறந்து வரிவரியாகப் படித்தீர்கள். அது பெட்டியில் கணினிக் கிருமி இருப்பதாகச் சொல்லவில்லை. பெட்டி பேசும் முறை மிகப் பழையது, திருடர்கள் நுழையப் பழகிய வழி என்பதால் தடுத்திருந்தது. அதற்குப் புதிய முறையைக் கற்றுக்கொடுக்கலாமென்றால், செய்த நிறுவனமே அதை எப்போதோ கைகழுவிவிட்டது. உடனே ஓர் உதிரிக் கணினியையும் பெட்டியையும் மருத்துவமனை இணைப்பிலிருந்து பிடுங்கி, இரண்டையும் ஒற்றைக் கேபிளால் தனியே பூட்டி, அந்தக் கணினியில் மட்டும், அந்தப் பெட்டிக்கு மட்டும், பழைய முறையை அனுமதித்தீர்கள். படம் வந்தது! அதைச் சோதித்துக் குறுந்தகட்டில் ஏற்றி, லிஃப்டுக்கும் காத்திராமல் படியேறி ஓடினீர்கள். ஓடிய வயதென்ன, ஓட்டமென்ன! வாய்பிளந்து நின்றோம்.

அதே கட்டி, அதே அளவு. வாசு அண்ணன் தம் காலாலேயே மேசையை விட்டு இறங்கினார்.

பின்டோ டாக்டர் கைகூப்பினார். “கும்பிடு கிடக்கட்டும் டாக்டர். உங்க கடவுச்சொல் பொண்ணு பேருதானே? முதல்ல அதை மாத்துங்க” என்றீர்கள். கீழே இறங்கும்போது படிக்கட்டின் திருப்பத்தில் தாங்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஹில்டா பார்த்துவிட்டார். மனம் அப்படி உருகியபோதும் கை நடுங்காத ஒருவரோடு வேலை செய்திருக்கிறோம் என்று எண்ண, இன்றும் எங்களுக்கு மெய்சிலிர்க்கிறது.

அம்மையே! நோய் அண்டாத உடலும், உறக்கம் கெடாத இரவும், பேரப்பிள்ளைகளையும் வைது வளர்க்கும் வலிமையும் பெற்றுப் பல்லாண்டு வாழ்க!

இன்று இங்கே மணக்கும் கோலிபஜே போண்டா, வாசு அண்ணன் சுட்டது. மடலில் தமக்கும் ஒரு வரி வேண்டுமென்று அடம்பிடித்தார். அவர் சொன்னது சொன்னபடியே:

“மேடம், நாளையிலருந்து பன்ஸை உங்க வீட்டுக்கே கொண்டு வருவேன். எனக்காவது கதவைத் திறங்க.”

தங்கள் வசவுக்கு ஏங்கப்போகும்,
மருத்துவமனை ஊழியர்கள்,
மங்களூரு.