ஏணியடியில் நிற்கும் ஆள் குறித்து

என் பெயர், கணவர் பெயர், கடவுச்சீட்டு எண் ஆகியவை முதல் தாளில் ஏற்கெனவே இரண்டு முறை எழுதி வாங்கப்பட்டபடியே. மாற்றம் எதுவும் இல்லை. வயது நாற்பத்து மூன்று. சலவைக்கடை இருக்கும் தெருவுக்குப் பின்தெருவில், மூன்றாம் மாடியில், இடப்புறக் கதவில் குடியிருக்கிறேன். வேலை என்ற இடத்தில் சென்ற இரண்டு முறையும் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். கணவருடைய விசாவில் வந்திருப்பதால் சம்பளத்துக்கு வேலை செய்ய எனக்கு அனுமதி இல்லை என்பது சரிதான். ஆனாலும் இந்த வழக்கில் நான் மாட்டிக்கொண்டதே தெருவில் உட்கார்ந்து படம் வரைந்ததால்தான் என்பதால் அந்த இடத்தில் 'படம் வரைபவர்' என்று எழுதச் சொன்னேன். அது வேலையா, பொழுதுபோக்கா என்று அதிகாரி கேட்டார். எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இது நான் கொடுக்கும் மூன்றாவது வாக்குமூலம். முதல் முறை மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில், கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். இரண்டாம் முறை தொண்டைத் தண்ணீர் வற்ற இரண்டு மணி நேரம் பேசினேன். பிரதியை வாங்கிப் படிக்கச் சொன்னால், 'படம் தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டார்' என்று ஒரே ஒரு வரி இருந்தது. படம் என்னுடையது இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? இந்த முறை தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்வதைத் தமிழிலேயே எழுதிக்கொண்டு பிறகு மாற்றித் தருவதாகச் சொல்வதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வந்த ஆறாம் மாதத்திலிருந்து, நேரில் உட்கார்ந்து வரைகிறவர்களின் குழு ஒன்றில் இருக்கிறேன். பேருந்து நிறுத்தம், முடிதிருத்தும் கடை, மருந்துக்கடை வரிசை என்று அன்றாடம் கண்ணில் படுவதை அந்த இடத்திலேயே வரைய வேண்டும்; போட்டோவைப் பார்த்து வரையக் கூடாது; மூலையில் இடத்தையும் நேரத்தையும் எழுத வேண்டும். அவ்வளவுதான் விதி. ஆனால் எல்லோரும் குறுக்கே நிற்கும் காரை எடுத்துவிடுவோம், மரத்தைக் கொஞ்சம் நகர்த்துவோம், தெரு வெறிச்சென்று இருந்தால் ஒரு ஆளை நடக்கவிடுவோம். இதை யாரும் பொய் என்று சொன்னதில்லை. நானும் நினைத்ததில்லை.

சம்பவத்துக்கு நான்கு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, மழையாக இருந்ததால் மேற்படி சலவைக்கடைக்குள் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து அங்கே துணி தேய்க்கும் இஸ்திரிக்காரரை வரைந்தேன். அவர் தமிழ் பேசுகிறவர். உள்ளேயும் தொப்பியைக் கழற்ற மாட்டார். இடது தோள் இறங்கியிருக்கும். நீராவி இயந்திரத்தின் கைப்பிடியை இரண்டு கையாலும், ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, உடம்பைச் சாய்த்து அழுத்துவார். முடித்ததும் காட்டினேன்.

"ஏன்க்கா, எனக்கு இவ்வளவு கூனா?" என்றார்.

"அது நிழல்ங்க."

"நிழலுக்கு எதுக்குக்கா கூன்?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேல், அதே கடைக்கு எதிர்ப்புற நடைபாதையில் மடக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அன்று கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாட்டிக்கொண்டிருந்தவர் ஒரே ஆள். ஒப்பந்தக்காரரின் வேன் அவரையும் ஏணியையும் பலகையையும் இறக்கிவிட்டுப் போனதை நான் பார்த்தேன். கடை உரிமையாளர் அன்று இல்லை. இஸ்திரிக்காரர் உள்ளே இருந்தார் என்பது இயந்திரம் விட்டுவிட்டுச் சீறிய சத்தத்தில் தெரிந்தது. நான் கட்டடத்தையும் கதவையும் பேனாவால் போட்டேன், அதன் பிறகு ஏணியைப் போட்டேன், அதன் பிறகு மேலே நின்று சுவரில் துளையிட்டுக்கொண்டிருந்தவரைப் போட்டேன், அதன் பிறகு கடைசியாக ஏணியடியில், வெள்ளிக்கிழமை வரைந்த இஸ்திரிக்காரரை நினைவிலிருந்து எடுத்து, ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் நிறுத்தினேன். அவர் அங்கே இல்லை. யாருமே அங்கே இல்லை. வண்ணம் பூசி, மூலையில் '10.20 – 11.05, நேரில் வரைந்தது' என்று எழுதி, கைப்பேசியில் படம் பிடித்து, 11.06க்குக் குழுவில் போட்டேன்.

அதன் பிறகு நான் குனிந்து பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தபோது, 11.10 இருக்கும், சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்கையில் ஏணி தரையில் கிடந்தது, பலகை ஒரு முனையில் தொங்கியது, பலகைக்காரர் நடைபாதையில் மல்லாந்து கிடந்தார். இஸ்திரிக்காரர் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். கையில் இருந்த வாடிக்கையாளரின் சட்டையை மடித்து விழுந்தவர் தலைக்கு அடியில் வைத்துவிட்டு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லும்படி கத்தினார். நானும் ஓடினேன். அதன் பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. சேர்ந்தவர்கள் கண்ணில் பட்டது விழுந்து கிடக்கும் ஏணியும், அதன் பக்கத்தில் மண்டியிட்டிருந்த தொப்பி வைத்த ஆளும்.

அன்று மாலை குழுவில் என் படத்தை நிறையப் பேர் பாராட்டியிருந்தார்கள். ஏணியைப் பிடித்திருப்பவர்தான் படத்துக்கே உயிர் என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் நன்றி என்று பதில் போட்டேன். ஒரு மனிதர் விழுந்து கிடந்ததை என் கண்ணால் பார்த்த அதே நாளில் அப்படிப் பதில் போட்டதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

அதன் பிறகு மூன்றாம் நாள், குழுவில் நான் போட்ட படத்தின் அச்சுப் பிரதியோடு காவலர் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். இஸ்திரிக்காரரை ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனதாகவும், அவர் பாதியில் கையை எடுத்துவிட்டதால்தான் பலகைக்காரர் விழுந்ததாகவும் ஒப்பந்தக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்குச் சாட்சி என் படம். 11.06க்குப் பிடித்திருந்தவர் 11.10க்கு விட்டுவிட்டார் என்று கணக்கு கச்சிதமாக அமைந்துவிட்டது. பலகைக்காரருக்கு முதுகெலும்பில் அடி. அந்த வாரமே நினைவில் இல்லை என்கிறாராம். கடைக்குள் கேமரா கிடையாது. இஸ்திரிக்காரரை வேலையிலிருந்து நிறுத்தி, கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அலட்சியத்தால் காயம் விளைவித்த குற்றம் நிரூபணமானால் சிறை; அதன் பிறகு நாடு கடத்தல்.

அந்த ஆளை நான்தான் சேர்த்தேன் என்று அன்றே வாசலில் நின்று சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. ஸ்டேஷனுக்கு வந்து சொன்னேன். அதிகாரி படத்தை மேசையில் வைத்து, கட்டடம் உண்மையா என்றார். உண்மை என்றேன். கதவு? உண்மை. ஏணி? உண்மை. மேலே நிற்பவர்? உண்மை. நேரம்? உண்மை. அப்படியென்றால் இவர் மட்டும் எப்படிப் பொய் என்று கேட்டார். சட்டைக்குள் பாருங்கள், ஏணியின் கோடு அவர் உடம்பை ஊடுருவிப் போகிறது, ஏணியை முதலில் போட்டுவிட்டு இவரைப் பின்னால் போட்டதற்கு அதுதான் அத்தாட்சி என்று காட்டினேன். மனிதர்கள் வந்து போகிறவர்கள், அவர்களை எப்போதுமே கடைசியில்தான் வரைவோம் என்று நீங்களே சென்ற முறை சொன்னீர்களே என்றார். சொன்னேன்தான். வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திறந்து, கை ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிறது பாருங்கள், ஏணியை யாராவது இப்படிப் பிடிப்பார்களா என்றேன். அவர் பழக்கம் அப்படியோ என்னவோ என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு வருடமாக என் படங்களைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. இப்போது என்னை நம்பாமல் படத்தை நம்புகிறார்கள்.

என் கணவரும் என்னைத் தடுத்தார் என்பதையும் பதிவு செய்யச் சொல்கிறேன், பிறகு வேறு வழியாக வரக் கூடாது என்பதற்காக. "நீ வரைஞ்சது பொய்னு நீயே எழுதிக் கொடுத்தா, போலீஸை ஏமாத்தினதா உன்னைப் பிடிச்சு உள்ள வைப்பாங்க. என் வேலையும் போயிடும். எதுக்கு வம்பை விலைக்கு வாங்குற?" என்றார். நான் விலைக்கு வாங்கவில்லை, நானே உண்டாக்கினேன் என்று சொன்னேன். அன்றிலிருந்து இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

சென்ற வாரம் இஸ்திரிக்காரரைப் பார்க்கப் போனேன். ஐந்து பேர் தங்கும் அறை. மற்ற நால்வரும் வேலைக்குப் போயிருந்தார்கள். இவர் மட்டும் இருந்து, அறையில் தங்கும் எல்லோருடைய சட்டைகளையும் தரையில் போர்வை விரித்துத் தேய்த்து வைத்திருந்தார். என்ன செய்வது, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்றார். என் மேல் கோபப்படுவார் என்று நினைத்துப் போனேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னை வரைஞ்சு நாலு பேர் பாராட்டினாங்கன்னு கேட்டப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சுக்கா," என்றார். "ஆனா நான் அங்க நிக்கவே இல்லையே."

தேய்த்து வைத்த சட்டை ஒன்றை எடுத்து மறுபடி மடித்தார்.

"வீட்டுல போன் பண்ணிக் கேக்குறா, நீங்க ஏன் விட்டீங்கன்னு. படத்தை அவளும் பாத்துட்டா. நான் பிடிக்கவே இல்லடின்னா, அப்ப படத்துல நிக்கிறது யாருங்கிறா."

அதன் பிறகு நான் அங்கே அதிக நேரம் இருக்கவில்லை.

இன்று விசாரணையில் அதிகாரி, இடப்பக்கம் காலியாக இருந்ததால் ஆளைச் சேர்த்ததாக நீங்கள் இரண்டு முறை சொல்லியிருக்கிறீர்கள், காலி இடத்துக்கு ஒரு சைக்கிளோ நாயோ போதுமே, ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் எதற்கு என்று கேட்டார். இத்தனை நாளில் அவர் கேட்ட ஒரே சரியான கேள்வி அது. கேட்டுவிடக் கூடாதே என்று நான் பயந்துகொண்டிருந்த கேள்வியும் அதுதான்.

அதற்கு என் பதில்: அங்கே ஒரு ஆள் தேவைப்பட்டார். நடைபாதையை அன்று காலை கழுவிவிட்டிருந்தார்கள். கல் ஈரமாக இருந்தது. மேலே நின்றவர் சுவரில் துளையிடும்போதெல்லாம் ஏணியின் கால் நகர்ந்தது. முதல் முறை ஒரு விரல் அகலம் நகர்ந்தது. நான் போட்ட கோடு தவறிவிட்டதே என்று எரிச்சல் வந்து, பக்கத்தில் இன்னொரு கோடு போட்டேன். சற்று நேரத்தில் மறுபடி நகர்ந்தது. மூன்றாவது கோடு போட்டேன். மூலப் படத்தை எடுத்துப் பாருங்கள், ஏணியின் வலது காலுக்கு மூன்று கோடுகள் இருக்கும். அச்சுப் பிரதியில் அது நிழல்போல் தெரியும். யாராவது பிடித்திருந்தால் அந்தக் கால் நகர்ந்திருக்காது, எனக்கு மூன்று கோடு தேவைப்பட்டிருக்காது.

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதை எழுதணுமாம்மா? எழுதினா உங்க மேல திரும்பும்," என்றார்.

"எழுதுங்க," என்றேன்.

அதிகாரி மூலப் படத்தை உறையிலிருந்து எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கோடுகளை எண்ணி, மூன்று என்று குறித்துக்கொண்டார்.

மூன்றாவது கோட்டைப் போட்ட பிறகு படத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. மேலே ஒரு மனிதர், கீழே யாரும் இல்லை. விழுந்துவிடுவார்போல் இருந்தது. அதனால் கீழே ஒரு ஆளை நிறுத்தி, இரண்டு கையாலும் ஏணியைப் பிடிக்க வைத்தேன். நிறுத்திய பிறகு எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் ஏணிக்கும் நடுவே இருபது அடி இருக்கும். எழுந்து போய்ப் பிடித்திருக்கலாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். வண்ணம் காய்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வரைந்துகொண்டிருந்தேன்.

இது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. படத்தில் ஏணியடியில் நிற்கும் ஆள் பொய். மேலே நான் சொன்னவை அனைத்தும் மெய்.

(ஒப்பம்)